பறவைக்கு வளையம் மாட்டினால் என்ன தெரியும்?

வளையம் மாட்டும் மேசையைச் சுற்றி நிற்பவர்கள் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "இந்தப் பறவை மறுபடியும் எங்காவது கிடைக்குமா?" நானும் அதைத்தான் கேட்டேன். கனடாவில் ஒன்டாரியோ மாகாணம், ஈரி ஏரியின் வடகரை, லாங் பாயிண்ட் என்ற இடம், மே மாதத்தில் ஒரு குளிர்ந்த காலை. அங்கிருந்த பெண்ணின் கையில் மக்னோலியா வார்ப்ளர் என்ற மஞ்சள் வயிற்றுக் குருவி இருந்தது. எடை எட்டு கிராம்தான், நம் பத்து ரூபாய் நாணயத்தின் எடை. அவர் தலையை நிமிர்த்தாமலேயே "அநேகமாகக் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, இறக்கையை அளவுகோலின் மேல் வைத்து அளந்து, எண்ணை உரக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார்.

கிடைக்காது என்று தெரிந்தும் விடியலுக்கு முன் எழுந்து, வலை கட்டி, ஒவ்வொரு குருவியாகப் பிரித்தெடுத்து, அலுமினிய வளையம் மாட்டி, அளந்து, எழுதி, பறக்கவிடுகிறார்கள் என்றால் அந்த வேலையின் பயன் வேறு எங்கோ இருக்க வேண்டும். அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். வளையம் என்றதும் நமக்கு "எங்கே போயிற்று, எங்கே கிடைத்தது" என்ற கதைதான் நினைவுக்கு வரும். வாத்துகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும், ஏனென்றால் வேட்டைக்காரர்கள் சுட்டதும் வளையத்தைப் பார்த்துத் தெரிவித்துவிடுகிறார்கள். சின்னப் பாடும் பறவைகளின் கதி அப்படியில்லை. வளையமிட்ட நூறு குருவிகளில் ஒன்றைப் பற்றிக்கூட வேறு ஊரிலிருந்து தகவல் வராது. எட்டு கிராம் பறவை ஒரு காட்டில் செத்து விழுந்தால் எறும்புக்கும் நரிக்கும் போய்விடும், யார் கண்ணில் படும்?

வசந்த காலத்தில் அங்கே நடப்பது என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். வார்ப்ளர், த்ரஷ், வீரியோ போன்ற பூச்சி தின்னும் பறவைகள் குளிர்காலத்தை மத்திய அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் தென் அமெரிக்காவிலும் கழித்துவிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே கிளம்புகின்றன. (வார்ப்ளர் என்று சொன்னாலும் நம் ஊர்க் கதிர்குருவிகளுக்கும் இவற்றுக்கும் குடும்ப உறவு கிடையாது. பூச்சி பிடிக்கும் சின்னப் பறவை என்ற ஒற்றுமையால் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது.) இவற்றில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கும். காற்று அப்போது அமைதியாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், பருந்துத் தொல்லை இல்லை, பகலை இரை தேட வைத்துக்கொள்ளலாம். பல இனங்கள் மெக்சிகோ வளைகுடாவை நடுவில் எங்கும் இறங்காமல், ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர், ஒரே மூச்சில் கடக்கின்றன. அப்புறம் அமெரிக்காவின் காடுகளில் இறங்கி ஏறி வடக்கே வந்தால் பேரேரிகள் குறுக்கே நிற்கும், ஈரியும் அவற்றில் ஒன்று. தெற்குக் காற்று வீசும் இரவில் ஏரியைத் தாண்டிவிட்டு, விடியும் நேரத்தில் கண்ணில் படும் முதல் கரையில் பொத்தென்று இறங்கும். லாங் பாயிண்ட் என்பது அப்படி ஏரிக்குள் 40 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஒரு மணல் திட்டு. மே மாதத்தில் அங்கே ஏரியிலிருந்து மேலெழும் கொசு மாதிரியான மிட்ஜ் பூச்சிகள் புதர் முழுக்க மொய்க்கும். கடிக்காது, ஆனால் வாயைத் திறக்க முடியாது. இறங்கும் குருவிகளுக்கு அதுதான் பசியாறும் சோறு.

இந்த இடத்தில் 1960இல் தொடங்கிய பறவை நோக்கு நிலையம்தான் மேற்கு அரைக்கோளத்திலேயே மிகப் பழையது. மூன்று இடங்களில் வலை கட்டுகிறார்கள். திட்டின் முனையில் இருக்கும் இடத்துக்குப் படகில்தான் போக முடியும். தன்னார்வலர்கள் உலகின் பல பக்கங்களிலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்கி வேலை செய்கிறார்கள். பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடியது ஓல்டு கட் என்ற இடம், நான் நின்றது அங்கேதான்.

வலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிஸ்ட் வலை என்று பெயர். ஜப்பானியர்கள் பல தலைமுறைகளாக இறைச்சிக்காகப் பறவை பிடிக்கப் பயன்படுத்திய வலை இது, அவர்கள் மொழியிலும் பெயருக்கு மூடுபனி வலை என்றே பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பணியாற்றிய ஆலிவர் ஆஸ்டின் என்ற பறவையியலாளர் வழியாக அமெரிக்காவில் பரவியது. இந்த வலை வராமல் இருந்திருந்தால் வார்ப்ளர்களைப் பற்றி இன்று தெரிந்ததில் பாதிகூடத் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம். அதற்கு முன் தானியம் தூவிக் கம்பிக் கூண்டில் பிடித்தார்கள், தானியம் தின்னும் பறவைதானே அதில் மாட்டும்? புழு பூச்சி தின்பவை எட்டிக்கூடப் பார்க்காது. மிஸ்ட் வலைக்கு இரை தேவையில்லை. பெரும்பாலும் 12 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம், தலைமுடி போன்ற கறுப்பு நூல். புதருக்கு முன்னால் கட்டிவிட்டால் நமக்கே கண்ணுக்குத் தெரியாது. குறுக்கே நான்கைந்து தடித்த இழுகயிறுகள் ஓடும், அவற்றுக்கு இடையில் வலை தளர்வாகத் தொங்கும். பறவை வந்து மோதியதும் அந்தத் தளர்ச்சி ஒரு பை மாதிரி ஆகி அதைத் தாங்கிக்கொள்ளும்.

சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னால் வலையை விரிப்பார்கள். இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒரு முறை எல்லா வலைகளையும் சுற்றி வர வேண்டும், குளிராக இருந்தால் இன்னும் அடிக்கடி. மழை வந்தால் உடனே சுருட்டிவிட வேண்டும், நனைந்த பறவை வலையில் தொங்கினால் உடல் சூடு இறங்கிச் செத்துவிடும். பறவையைப் பிரித்தெடுப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமானது, கற்க மாதக்கணக்கில் ஆகும். எந்தப் பக்கமிருந்து உள்ளே வந்தது என்று பார்த்து, வந்த வழியிலேயே வெளியே எடுக்க வேண்டும், அநேகமாகக் காலிலிருந்து தொடங்கி. சிக்கடி என்ற சின்னக் குருவி கையில் கிடைக்கும் நூலையெல்லாம் பிடித்து இழுத்துச் சுற்றிக்கொண்டு விரல் நகத்தடியைக் கொத்தும். கார்டினல் கடித்தால் ரத்தம் வரும். எடுத்த பறவையைத் துணிப் பையில் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி, மேசைக்குக் கொண்டு வருவார்கள். இருட்டில் பறவை அமைதியாகிவிடுகிறது.

வளையம் மாட்டுவது மொத்த வேலையில் மிகச் சிறிய பகுதி. வார்ப்ளருக்குப் போடும் வளையத்தின் உள்விட்டம் சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், எடை அதன் உடலெடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதில் ஒன்பது இலக்க எண். குறடால் மூடி, காலில் சுழல்கிறதா, மேலும் கீழும் நகர்கிறதா, ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லையா என்று பார்த்துவிட்டால் அவ்வளவுதான், சில நொடி வேலை. அதற்குப் பிறகு நடப்பதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் ஊதுவார்கள். ஆமாம், நெஞ்சில் ஊதினால் இறகு விலகி மெல்லிய தோல் தெரியும், தோலுக்கடியில் கொழுப்பு வெளிர்மஞ்சளாகத் தெரியும். கழுத்துக்குக் கீழே கவட்டை எலும்பின் குழியில்தான் அது முதலில் சேரும், நிறைந்த பிறகு வயிற்றுப் பக்கம். குழி காலியாக இருந்தால் பூஜ்யம், கொஞ்சம் இருந்தால் ஒன்று, நிரம்பி வழிந்தால் அதற்கு மேல் என்று எண் கொடுப்பார்கள். இரவெல்லாம் ஏரியைத் தாண்டி வந்த பறவைக்குப் பல முறை பூஜ்யம்தான் வரும். சேர்த்து வைத்த எரிபொருளெல்லாம் தீர்ந்து, நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு இருக்கும். அதே வளைய எண் மூன்று நாள் கழித்து அதே வலையில் மறுபடி விழுந்தால், அப்போதைய எடையை வைத்து ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் ஏறியிருக்கிறது என்று கணக்குப் போடலாம். இந்தப் புதர்க்காடு வலசைப் பறவைக்கு நல்ல சத்திரமா, சும்மா ஒதுங்கிப் போகும் இடமா என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது. நிலத்தைக் காக்க வேண்டும் என்று வாதாடப் போகிறவர் கையில் இந்த எண் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது வயது. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வளையமிடுபவர்கள் எல்லாப் பறவைக்கும் ஜனவரி 1ஆம் தேதிதான் பிறந்தநாள் என்று வைத்துக்கொள்கிறார்கள். போன ஜூனில் கூட்டில் பிறந்தது இந்த மேயில் "இரண்டாம் ஆண்டுப் பறவை". அதற்கு முன்னால் பிறந்தது எல்லாம் "இரண்டாம் ஆண்டு கடந்தது". இரண்டையும் எப்படிப் பிரிப்பது? கூட்டில் இருக்கும் குஞ்சுக்குச் சீக்கிரம் பறந்தாக வேண்டிய அவசரம், எனவே எல்லா இறகையும் ஒரே சமயத்தில் வேகவேகமாக வளர்க்கிறது, அந்த இறகின் தரம் மட்டம். கூட்டை விட்டு வந்த பிறகு பல இனங்கள் உடலின் சிறு இறகுகளையும் இறக்கையின் சில மேலிறகுகளையும் மட்டும் புதுப்பித்துக்கொள்ளும். பறப்பதற்கான பெரிய இறகுகளை அடுத்த கோடை வரை மாற்றாது. ஆக, முதல் முறையாக வலசை போய்த் திரும்பி வரும் பறவையின் இறக்கையை மே மாதத்தில் விரித்துப் பார்த்தால், ஒரு பகுதி கருமையாக, பளபளப்பாக, இன்னொரு பகுதி வெயிலில் வெளுத்து, நுனி தேய்ந்து, பழுப்பேறிப்போய், நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை தெரியும். முதிர்ந்த பறவையின் இறக்கையில் அந்த எல்லை இல்லை, எல்லாம் ஒரே தலைமுறை இறகு. பழகாத கண்ணுக்கு எதுவுமே தெரியாது. எனக்குக் காட்டியபோது முதல் ஐந்து பறவைகளில் நான் ஒன்றும் பார்க்கவில்லை, ஆறாவது பறவையில் திடீரென்று தெரிந்தது, அதற்குப் பிறகு தெரியாமல் இருக்கவே முடியவில்லை.

இந்த வயது எதற்கு என்றால், ஒரு வசந்தத்தில் வலையில் விழும் பறவைகளில் இளையவை எத்தனை பங்கு என்று பார்த்தால், போன கோடையில் குஞ்சு பொரித்தது எப்படி, பொரித்த குஞ்சுகள் முதல் குளிர்காலத்தைத் தாண்டினவா என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970க்குப் பிறகு ஏறக்குறைய 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. குறைந்தது தெரிகிறது, ஆனால் எந்தக் கட்டத்தில் குறைகிறது? கூட்டிலா, வழியிலா, தெற்கே குளிர்காலத்திலா? தூரத்திலிருந்து தொலைநோக்கியில் எண்ணினால் இதற்கு விடை வராது, பறவை கையில் வந்தால்தான் வரும். இன்னொன்றும் உண்டு. கனடாவின் வடக்கே கிடக்கும் ஊசியிலைக் காட்டில் சாலையே இல்லாத பரப்பு மிகப் பெரிது. அங்கே கூடு கட்டும் பறவைகளை அங்கேயே போய் எண்ண ஆள் அனுப்ப முடியாது. அவை தெற்கே போகும்போதும் வரும்போதும் வழியில் நின்று கணக்கெடுப்பதுதான் ஒரே வழி. கனடா முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட வலசைக் கண்காணிப்பு நிலையங்கள் இருப்பதற்கு முதல் காரணம் இது. டொராண்டோ நகரத்துக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. கட்டட இடிபாடுகளைக் கொட்டி ஏரிக்குள் உருவான செயற்கைத் திட்டில், டாமி தாம்சன் பூங்காவில், 2003 முதல் நடக்கிறது. தமிழர்கள் நிறைய வாழும் ஸ்காபரோவிலிருந்து காரில் போகிற தூரம்தான்.

சரி, இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் இதைச் சொல்லத் தொடங்குபவர்கள் ஓவியர் ஆடுபானில் தொடங்குவார்கள். 1804இல் பென்சில்வேனியாவில் ஃபீபி குருவிக் குஞ்சுகளின் காலில் வெள்ளி நூலைக் கட்டியதாகவும், அடுத்த வசந்தத்தில் அவற்றில் சில திரும்பி வந்ததாகவும் அவரே எழுதி வைத்தார். ஆனால் பின்னாளில் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது, அந்த அடுத்த வசந்தத்தில் அவர் பிரான்சில் இருந்திருக்கிறார். அழகான கதைதான், இருந்தாலும் அதை விட்டுவிடுவதுதான் நேர்மை. உண்மையில் தொடங்கி வைத்தவர் டென்மார்க்கின் வீபோர் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த மார்டென்சன். 1890இல் துத்தநாக வளையம் போட்டுப் பார்த்தார், பறவைக்குக் கனமாகிவிட்டது. 1899இல் அலுமினியத்துக்கு மாறி, எண்ணும் முகவரியும் பொறித்து, 165 ஸ்டார்லிங்குகளுக்கு மாட்டினார். இன்றுவரை முறை அதேதான். அமெரிக்கா, கனடா பக்கம் 1916இல் வலசைப் பறவைகளுக்காக ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது, 1920இல் வளையப் பதிவுகள் அமெரிக்க அரசின் பொறுப்புக்கு வந்தன. அந்த அலுவலகத்தை 1946 வரை நடத்திய ஃபிரெடரிக் லிங்கன், குவிந்த பதிவுகளை வரைபடத்தில் குத்திக் குத்திப் பார்த்துத்தான் பறவைகள் போகும் பெரும்பாதைகள் என்ற கருத்துக்கு வந்தார். இன்று இரு நாடுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பறவைகள் வளையம் பெறுகின்றன. உரிமம் இல்லாமல் யாரும் செய்ய முடியாது.

நம் பக்கமும் இந்தக் கதையில் இருக்கிறது. நான் வேதாரண்யம் பக்கத்துக்காரன், கோடியக்கரையில் பறவைக்கு வளையம் மாட்டுகிறார்கள் என்பது சின்ன வயதில் காதில் விழுந்த செய்தி, என்ன ஏது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகளும் மனிதர்களும் ஒரு புதுக் காய்ச்சலில் இறந்தார்கள். அதன் நச்சுயிரி ரஷ்யாவில் இருந்த ஒன்றை ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வருகின்றனவோ என்ற சந்தேகம் எழுந்தது. அதைத் தொட்டுத்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் 1959இல் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கினார்கள். பின்னால் கோடியக்கரை அதன் முக்கியமான களங்களில் ஒன்றானது. உப்பளத்து உள்ளான்கள் மட்டுமில்லை, அந்த முள்காட்டுக்கு அக்டோபர் வாக்கில் வந்து இறங்கும் ஆறுமணிக் குருவியும் அரசவால் ஈப்பிடிப்பானும் கதிர்குருவிகளும் இதே மிஸ்ட் வலையில்தான் விழுந்தன. கடலைத் தாண்டும் முன்னும் பின்னும் தங்கும் ஒரு கரை முனை என்ற வகையில் கோடியக்கரையும் லாங் பாயிண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. லாங் பாயிண்டில் நின்றபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த முள்காடுதான்.

இந்த வேலையின் பயன் வேறு எங்கோ இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, இப்போது அதற்கு வருகிறேன். மே மாதத்தில் கையில் இருக்கும் பறவை, தான் கழித்த குளிர்காலத்தை உடம்பில் சுமந்துகொண்டு வருகிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டியது அமெரிக்கன் ரெட்ஸ்டார்ட் என்ற வார்ப்ளரைப் பற்றிய ஆய்வு. ஜமைக்காவில் குளிர்காலத்தில் இந்தப் பறவைகள் இரண்டு விதமான இடங்களில் தங்குகின்றன. ஒன்று ஈரமான அலையாத்திக் காடு, பூச்சி தட்டுப்பாடில்லை. இன்னொன்று காய்ந்த புதர்க்காடு, வறட்சி முற்றும் மார்ச் மாதத்தில் அங்கே இரை குறைந்துவிடும். முதிர்ந்த ஆண்கள் அலையாத்திக் காட்டைப் பிடித்துக்கொண்டு, பெண்களையும் இளையவற்றையும் பெரும்பாலும் காய்ந்த காட்டுக்குத் துரத்திவிடுகின்றன. பீட்டர் மாராவும் அவருடன் சேர்ந்தவர்களும் நிற வளையங்கள் போட்டு ஒவ்வொரு பறவையையும் அடையாளம் வைத்துக் கவனித்தார்கள். காய்ந்த காட்டில் இருப்பவை மெலிகின்றன, கிளம்பவும் தாமதமாகிறது. சரி, அவை வடக்கே எப்போது போய்ச் சேருகின்றன? இங்கேதான் சாமர்த்தியம். ஈரக்காட்டு இரைக்கும் காய்ந்த காட்டு இரைக்கும் கார்பனின் கனமான வகை, லேசான வகை கலந்திருக்கும் விகிதம் வேறு, அது தின்ற பறவையின் திசுவில் பதிந்துவிடுகிறது. நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் வசந்தத்தில் வந்து இறங்கும் ரெட்ஸ்டார்ட்டுகளின் திசுவைச் சோதித்தபோது, முதலில் வந்தவை ஈரக்காட்டு அடையாளத்தோடும் பின்னால் வந்தவை காய்ந்த காட்டு அடையாளத்தோடும் இருந்தன. 1998இல் இது வெளியானது. சீக்கிரம் வந்தால் நல்ல இடம், நல்ல துணை, குஞ்சு வளர்க்கக் கூடுதல் நாட்கள். ஆக, ஜமைக்காவில் ஓர் அலையாத்திக் காட்டை வெட்டினால் அதன் விளைவு பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கூட்டில் தெரியும். இதைப் படித்த நாளிலிருந்து, மே மாதக் கடைசியில் மெலிந்து வந்து வலையில் விழும் பெண் ரெட்ஸ்டார்ட்டைப் பார்க்கும்போதெல்லாம், இது எந்தக் காய்ந்த காட்டிலிருந்து வருகிறதோ என்றுதான் தோன்றுகிறது.

இறகும் பேசும். இறகு வளரும்போது அந்த ஊர் மழைநீரின் ஹைட்ரஜன் அடையாளம் அதில் ஏறி, இறகு விழும் வரை அப்படியே நிற்கும். போன கோடையில் எந்த அட்சரேகைப் பக்கம் இறகு முளைத்தது என்று வால் இறகு ஒன்றை வைத்துத் தோராயமாகச் சொல்லிவிடலாம். இப்போது மரபணு வேலைக்கும் வளையமிடும் நிலையங்கள் ஓரிரு இறகுகளைச் சேகரித்து அனுப்புகின்றன.

மின்னணுக் கருவிகள் வந்துவிட்டதே, இனி வளையம் எதற்கு என்று கேட்பார்கள். டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரிட்ஜெட் ஸ்டச்பரி, 2007இல் பென்சில்வேனியாவில் 14 உட் த்ரஷ்களுக்கும் 20 பர்ப்பிள் மார்ட்டின்களுக்கும் (மார்ட்டின் என்பது தகைவிலான் குடும்பம்) முதுகில் வெளிச்சத்தின் அளவைப் பதியும் சின்னக் கருவிகளைக் கட்டினார். விடியும் நேரத்தையும் இருட்டும் நேரத்தையும் அது குறித்துக்கொள்ளும், அதிலிருந்து இடத்தைக் கணக்கிடலாம். ஒரு மார்ட்டின் இலையுதிர் காலத்தில் 43 நாள் எடுத்துக்கொண்டு பிரேசிலுக்குப் போனது, வசந்தத்தில் 7,500 கிலோமீட்டரை 13 நாளில் தாண்டித் திரும்பிவிட்டது. சின்னப் பறவைகள் ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் போலப் போகும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள், வசந்தத்தின் அவசரம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் கவனியுங்கள், அந்தக் கருவி எதையும் வானொலியில் அனுப்பாது. பறவையை மறுபடி பிடித்தால்தான் பதிவு கிடைக்கும். அடுத்த ஆண்டில் ஐந்து த்ரஷ்களிடமிருந்தும் இரண்டு மார்ட்டின்களிடமிருந்தும் மட்டுமே கருவியை எடுக்க முடிந்தது. லாங் பாயிண்டில் இருப்பவர்களே தலைமை ஏற்று வளர்த்த மோட்டஸ் என்ற ஏற்பாட்டில் சின்ன வானொலிக் கருவியைப் பறவை சுமக்கிறது, கோபுரத்துக்குக் கோபுரம் அதன் துடிப்பு பதிவாகிறது. அருமையான வேலை. ஆனால் அந்தக் கருவியைக் கட்டவும் பறவையை யாராவது வலையில் பிடித்து, கையில் வைத்து, கொழுப்பு பார்த்து, இது சுமக்கத் தாங்குமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பணமும் எடையும் இடித்துக்கொண்டே இருப்பதால் நூற்றில் ஓரிரு பறவைக்குத்தான் கருவி. மற்றதெல்லாம் வளையமும் பென்சிலும்தான்.

அந்தப் பென்சில் கணக்கு அறுபது வருடம் விடாமல் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு பென்சில்வேனியாவின் பவுடர்மில் நிலையம் உதாரணம். 1961இல் தொடங்கியது. அங்கே 2006 வரை எடுத்த அளவுகளில் 102 இனங்களை எடுத்துப் பார்த்தார்கள், ஏறக்குறைய ஐந்து லட்சம் பறவைகள். பெரும்பாலான இனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து வருகின்றன, அதிகரிக்கும் வெப்பத்தோடு அது ஒத்துப்போகிறது. சிகாகோவில் கட்டடங்களில் மோதி இறந்த 70,716 பறவைகளைச் சேகரித்து அளந்த இன்னொரு ஆய்வும் 1978 முதல் 2016 வரை கால் எலும்பு 2.4 சதவிகிதம் சுருங்கியிருப்பதைக் காட்டியது. ஒரு வருடத்தில், பத்து வருடத்தில்கூட இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. 1961இல் இறக்கையை அளந்தவருக்கு வெப்பநிலை உயர்வு பற்றிய கேள்வியே மனதில் இருந்திருக்காது, அதே முறையில் அளந்து எழுதி வைத்தார், அவ்வளவுதான்.

லாங் பாயிண்டிலும் அப்படி ஒன்று நடந்தது. திட்டின் முனையில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. மேகமூட்டமான இரவுகளில் வலசைப் பறவைகள் அதன் வெளிச்சத்தில் மயங்கிச் சுற்றிச் சுற்றி மோதிச் செத்தன. நிலையத்தில் இருந்தவர்கள் 1960 முதல் காலையில் அடியில் கிடந்தவற்றை எண்ணிப் பொறுக்கி எழுதி வைத்தார்கள். 1989இல் விளக்கைச் சின்ன ஒளிக்கற்றையாக, மங்கலாக மாற்றினார்கள், பறவைக்காக அல்ல, தானியங்கியாக்குவதற்காக. மரணம் சட்டென்று மிகப் பெரிய அளவில் குறைந்துவிட்டது. முப்பது வருடக் கணக்கு கையில் இருந்ததால்தான் அது தெரிந்தது, இன்று விளக்குகளைப் பற்றிப் பேசுபவர்கள் அந்தப் பதிவைக் காட்டுகிறார்கள்.

வலையால் பறவைக்குத் தீங்கு இல்லையா என்ற கேள்வியை மழுப்பக் கூடாது. தீங்கு உண்டு. அமெரிக்கா, கனடாவின் 22 வளையமிடும் அமைப்புகளின் பதிவுகளைக் கூட்டிப் பார்த்ததில், வலையில் பிடிபட்டவற்றில் காயம் பட்டவை 0.59 சதவிகிதம், இறந்தவை 0.23 சதவிகிதம். ஆயிரத்தில் இரண்டு. கேட்கச் சிறியதாக இருக்கலாம், பெருங்கடலும் ஏரியும் தாண்டி வந்த ஒன்று நம் வலையில் சாவதை நேரில் பார்த்தவருக்கு அது சிறியதாக இருக்காது. நல்ல நிலையங்களில் கண் மூடி, இறகு சிலிர்த்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பறவையை அளக்காமல், வளையம்கூட மாட்டாமல் உடனே விட்டுவிடுகிறார்கள். ஒரே நேரத்தில் நிறைய பறவைகள் விழுந்து கைகள் போதவில்லை என்றால் வலைகளை மூடிவிடுகிறார்கள். எடுத்த அளவுகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கும் நிலையம் வலை கட்டவே கூடாது என்பது என் கருத்து. பறவை கொடுத்த நேரத்துக்கும் பயத்துக்கும் பதிலாக அந்த எண்கள் பொதுக் கணக்கில் சேர வேண்டும், அதுதான் நியாயம். கூடவே இதையும் சொல்ல வேண்டும், கனடாவில் ஜன்னல் கண்ணாடியில் மோதி மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடிப் பறவைகள் சாகின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அந்தக் கண்ணாடிகளில் ஒன்று உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கலாம். மே மாதக் காலையில் அடியில் ஒரு குருவி கிடந்தால், முதலில் உயிர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காற்றோட்டமான காகிதப் பையிலோ அட்டைப் பெட்டியிலோ வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விட்டு, அருகில் உள்ள காட்டுயிர் மறுவாழ்வு மையத்தை அழையுங்கள். இறந்திருந்தால் காலைப் பாருங்கள். வளையம் இருந்தால் எண்ணை எல்லாப் பக்கமும் திருப்பிப் படம் எடுத்து, அமெரிக்க வளைய ஆய்வகத்தின் இணையதளத்தில் தெரிவித்துவிடுங்கள், கனடாவில் கிடைத்தாலும் அங்கேதான். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்ற வேண்டாம், எண்ணை மட்டும் படித்தால் போதும். இந்தியாவில் கிடைத்தால் வளையத்திலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயர் இருக்கும், அவர்களுக்கு எழுதலாம். கொஞ்ச நாளில் பதில் வரும்: என்ன இனம், எந்தத் தேதி, எந்த ஊர், மாட்டும்போது என்ன வயது.